முப்பது ராத்திரிக் கணக்கு

அப்பா மதுரை டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு லாட்ஜில் 22 வருடம் மேனேஜராக இருந்தார். ராத்திரி பத்தரை மணிக்கு மேல் மூன்று மாடியும் ஏறி இறங்கி, ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் கிடக்கிற செருப்புகளை எண்ணுவார். லெட்ஜரில் இரண்டு பேர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நான்கு பேர் படுத்திருந்தால் செருப்பு காட்டிக் கொடுத்துவிடும். காலி என்று எழுதியிருக்கும் அறையின் வாசலில் ஒரு ஜோடி கிடந்தால், ரூம் பாய் தன் கணக்கில் யாருக்கோ சாவி கொடுத்திருக்கிறான் என்று அர்த்தம். எண்ணி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். பள்ளிக்கூட லீவில் நானும் கூடப் போய் எண்ணியிருக்கிறேன்.

2024 ஜனவரி 7, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு, டெக்சாஸ் மாநிலம் பிளேனோவில் ஒரு ஹோட்டலின் பின்பக்கம் குல்லாயும் கையுறையும் போட்டுக்கொண்டு நான் கார்களை எண்ணிக்கொண்டிருந்தேன். 34 கார்கள். ஹோட்டலில் 118 அறைகள். இங்கே யாரும் செருப்பைக் கதவுக்கு வெளியே விடுவதில்லை. ஆனால் காரில்லாமல் யாரும் வருவதுமில்லை.

முதலிலேயே ஏன் ஹோட்டல் என்று சொல்லிவிடுகிறேன். மனைவியும் மகளும் நியூஜெர்சி எடிசனில் இருக்கிறார்கள். மகளின் பள்ளியைப் பாதி வருடத்தில் மாற்ற முடியாது. எனக்குக் கிடைத்த வேலை பிளேனோவில், மூன்று மூன்று மாதமாக நீட்டிக்கும் கான்ட்ராக்ட். எட்டு மாதம் போகலாம் என்றார்கள், எழுத்தில் கொடுத்தது மூன்று மாதம்தான். அபார்ட்மென்ட் எடுத்தால் வாடகை குறைவுதான். ஆனால் நான் விசாரித்த இடங்களில் குறைந்த வாடகைக்கு ஒரு வருட ஒப்பந்தம் கேட்டார்கள். நடுவில் உடைத்தால் இரண்டு மாத வாடகையை வைத்துவிட்டுப் போகவேண்டும். குறுகிய காலத்துக்கு என்றால் வாடகை எகிறுகிறது. அதோடு மின்சாரம், இணையம், கட்டில், மெத்தை, ஒரு நாற்காலி. ஏப்ரலில் வேலை முடிந்துவிட்டால் அந்தக் கட்டிலை யார் தலையில் கட்டுவது?

அப்படிப்பட்டவர்களுக்காகவே இங்கே எக்ஸ்டெண்டட் ஸ்டே ஹோட்டல்கள் இருக்கின்றன. அறைக்குள்ளேயே சின்னச் சமையலறை, ஆள் உயர ஃப்ரிட்ஜ், இரண்டு சுருள் மின் அடுப்பு, வாரம் ஒரு முறை சுத்தம் செய்ய ஆள். கேன்சஸ் மாநிலத்து விச்சிட்டாவில் அபார்ட்மென்ட் கட்டிக்கொண்டிருந்த ஜாக் டிபோர் என்பவர் 1975 இல் ரெசிடென்ஸ் இன் என்று தொடங்கியதிலிருந்து இந்த வகை வளர்ந்தது. 1987 இல் அதை மேரியட் வாங்கியது. தொடங்கியவர் அபார்ட்மென்ட்காரர் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் இந்த ஹோட்டல்களின் குணமே எனக்குப் பிடிபட்டது. பாதி வீடு, பாதி லாட்ஜ். வீட்டுக்கு மாத வாடகை பேசுகிறோம், லாட்ஜுக்குத் தினவாடகை கொடுக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஒன்றுக்கு எந்தக் கணக்கில் பேசுவது என்பதில்தான் பேரத்துக்கு இடம் இருக்கிறது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் இரண்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். அங்கே மாத வாடகை என்றால் மாத வாடகை, பேச்சே கிடையாது. அதனால் இது எனக்குப் புதுசு.

கார் எண்ணிக்கையைச் சொல்ல அப்பாவுக்குப் போன் போட்டேன். மதுரையில் திங்கட்கிழமை காலை பத்து மணி.

"நூத்திப் பதினெட்டுக்கு முப்பத்திநாலா? நாளைக்கும் எண்ணு. நாளான்னைக்கும் எண்ணு. காலி எவ்வளவுன்னு தெரியாம வெல பேசக் கூடாதுப்பா."

திங்கள் 71. செவ்வாய் 83. வேலை விஷயமாக வந்து போகிறவர்கள் திங்கள் வந்து வியாழன் கிளம்பிவிடுகிறார்கள் என்று புரிந்தது. வெள்ளி முதல் ஞாயிறு வரை அந்தக் கட்டடம் காற்று வாங்கும். ஜனவரி வேறு, விடுமுறைக் கூட்டம் வடிந்து, ஆபீஸ் பயணங்கள் இன்னும் சூடுபிடிக்காத மாதம்.

நான் முதல் மூன்று ராத்திரிக்கு மட்டும் இணையதளத்தில் பதிவு செய்திருந்தேன், ஒரு ராத்திரிக்கு 104 டாலர், வரி தனி. அதே தளத்தில் 30 ராத்திரி என்று போட்டுப் பார்த்தால் 84 என்று காட்டியது. அதுதான் அவர்களே வலியச் சொல்லும் மாத விலை. பேரம் அங்கிருந்து கீழே போகவேண்டும்.

தெரியாமல் முதலில் தவறான ஆட்களிடம் கேட்டேன். ஹோட்டல் பெயருக்குரிய இலவச எண்ணுக்குப் போன் செய்தேன். எங்கிருந்தோ பேசிய பெண் மிக அன்பாக அதே 84 ஐத் திருப்பிச் சொன்னார். ராத்திரி ரிசப்ஷனில் இருந்த பையனிடம் கேட்டேன். திரையை என் பக்கமே திருப்பிக் காட்டினான்: "இதில் வருவதுதான் சார் ரேட்." அவனைக் குறை சொல்ல முடியாது. வாசலில் இருக்கிற பெயர் ஒரு பெரிய நிறுவனத்துடையது, கட்டடமும் கல்லாவும் வேறு ஒருவருடையது. பெயருக்குக் கட்டணம் கட்டி நடத்துகிறார் அந்த முதலாளி. இலவச எண்ணில் பேசுகிறவருக்கு அந்தக் கட்டடத்தில் இன்றைக்கு எத்தனை அறை காலி என்பதில் எந்தக் கவலையும் இல்லை. கவலைப்படுகிற ஆள் யார் என்று கேட்டபோது பையன் சொன்னான்: சேல்ஸ் மேனேஜர், திங்கள் முதல் வெள்ளி வரை, பகலில் மட்டும்.

முதலாளி குஜராத்தி என்றும் அவன்தான் சொன்னான். ஆச்சரியமில்லை. 1989 இல் தொடங்கிய ஆசிய அமெரிக்க ஹோட்டல் உரிமையாளர் சங்கம், அமெரிக்க ஹோட்டல்களில் 60 சதவீதம் தன் உறுப்பினர்கள் கையில் இருப்பதாகச் சொல்கிறது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் குஜராத் வேர் உள்ளவர்கள். நேரே முதலாளியிடம் போய் நானும் இந்தியாதான் என்று ஆரம்பிக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. அப்பா வெட்டிவிட்டார். "நம்மூர்க்காரன்னு பேசுனா ரெண்டு பேருக்கும் சங்கடம். அவன் கொறைக்கலேன்னா நீ மூஞ்சியத் தூக்குவ, கொறைச்சா அவன் தூக்குவான். சம்பளம் வாங்குற ஆளுட்ட போய் பேசு."

பேசப் போகுமுன் இன்னொருவரிடமும் கேட்டது நல்லதாய்ப் போயிற்று. பிளேனோவுக்குப் பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவில் இருக்கும் சேலத்துக்கார நண்பர், 15 வருடமாக இந்தப் பக்கம் ஹோட்டலும் அபார்ட்மென்ட்டுமாக மாறி மாறி இருந்தவர். நான் விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, அவர் குறுக்கே புகுந்து, "ரேட் கெடக்கட்டும்ங்க, வரிக்கு லெட்டர் எழுதிட்டீங்களா?" என்றார்.

என்ன லெட்டர்?

டெக்சாஸில் ஹோட்டல் அறைக்கு மாநில வரி 6 சதவீதம். அதன்மேல் நகர வரி, பிளேனோவில் 7. ஆக 13. ஆனால் தொடர்ந்து 30 நாளும் அதற்கு மேலும் தங்குகிறவரைச் சட்டம் ஹோட்டல் விருந்தாளியாகப் பார்ப்பதில்லை, நிரந்தரவாசி என்று வைத்துக்கொண்டு வரியை விட்டுவிடுகிறது. இதுவரை பலருக்குத் தெரியும். தெரியாதது இதற்கு அடுத்த விஷயம். 30 நாளுக்குக் குறையாமல் தங்கப் போகிறேன் என்று முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, அதன்படி தங்கியும் விட்டால், கடிதம் கொடுத்த தேதியிலிருந்தே வரி கிடையாது. கடிதம் கொடுக்காவிட்டால் முதல் 30 நாளுக்கு வரி கட்டத்தான் வேண்டும், விலக்கு அதற்குப் பிறகுதான். ரிசப்ஷனில் யாரும் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை. வரி அவர்கள் பணம் இல்லை, அவ்வளவுதான்.

இது டெக்சாஸ் கதை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் நாள் கணக்கும் விதியும் வேறு. கலிபோர்னியாவில் 30 நாள் தாண்டினால் குடியிருப்பவருக்கு வாடகைதாரர் உரிமை வந்துவிடும் என்று, 28 ஆம் நாளே காலி செய்ய வைத்து மறுபடி உள்ளே எடுக்கிற தந்திரம் உண்டு. அந்த உரிமை வராமல் தடுப்பதற்காக அப்படிச் செய்யக்கூடாது என்று அங்கே சட்டமே போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் பதினோரு மாத அக்ரிமென்ட் போடுகிற வீட்டுக்காரர்களை நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 10, புதன்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸிலிருந்து வந்து சேல்ஸ் மேனேஜர் அறைக் கதவைத் தட்டினேன். காலை உணவுக் கூடத்துக்குப் பின்னால் சின்ன அறை. ஐம்பது வயதிருக்கும் பெண்மணி, மேசையில் பாதி சாப்பிட்ட சாண்ட்விச், சுவரில் வருடம் முழுக்க ஒரே தாளில் அச்சடித்த காலண்டர். அதில் சில நாட்களை மார்க்கரால் வண்ணம் தீட்டியிருந்தார். ஏப்ரல் 5 முதல் 8 வரை அடர்ந்த ஆரஞ்சு. அதை நன்றாகப் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை. இந்த மொத்தக் கதையில் நான் செய்த முதல் மடத்தனம் அதுதான்.

அவர் முதலில் கேட்டது எந்தக் கம்பெனி என்று. சொன்னேன். பக்கத்திலிருக்கும் அந்த ஆபீஸுக்கென்று பேசி வைத்த விலை ஏற்கெனவே இருக்கிறதாம், ஒரு ராத்திரிக்கு 92. இதை இந்தத் தொழிலில் எல்.என்.ஆர் என்கிறார்கள், உள்ளூர்க் கம்பெனிகளுக்கு ஆண்டுதோறும் பேசிப் போடும் விலை. "அது வந்து போகிறவர்களுக்கு. நான் மாதக்காரன்" என்றேன். உங்கள் தளத்திலேயே 84 இருக்கிறதே என்பதையும் சொன்னேன்.

"எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?"

"60."

சிரித்தார். கோபமான சிரிப்பில்லை. "79 தரலாம்."

அப்பா சொல்லியிருந்தார், காலி அறை இருக்கிறது என்பதை நேராக முகத்தில் அடிக்காதே, உன்னால் அவர்களுக்கு என்ன மிச்சம் என்று சொல் என்று. மாதக்காரனில் லாபம் வாடகையில் இல்லை என்பது அவருடைய கட்சி. "தெனம் பெட்ஷீட் மாத்த வேணாம், சோப்பு வைக்க வேணாம், உள்ள வர்றவன் வெளிய போறவன்னு எழுத வேணாம். ஒரு தடவ எழுதுனா ஒரு மாசம்." அதையே அமெரிக்க வேஷம் கட்டிச் சொன்னேன். நான் எந்தப் பதிவுத் தளம் வழியாகவும் வரப்போவதில்லை, அதனால் யாருக்கும் கமிஷன் தரவேண்டாம். வாரம் ஒரு முறை சுத்தம் செய்தால் போதும், அதுவும் வியாழன், நான் ஆபீஸில் இருக்கும்போது. காலை உணவு எனக்குப் பெரும்பாலும் வேண்டாம், அறையிலேயே உப்புமா கிண்டிக்கொள்வேன். உப்புமாவை எப்படி விளக்கினேன் என்று கேட்காதீர்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை எடிசன் போவேன், அப்போதும் அறையை விடமாட்டேன், பணம் ஓடிக்கொண்டிருக்கும். கடைசியாக, மிக மெதுவாக: "ஞாயிறு ராத்திரிகளுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கப் போகிறேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஞாயிறு என்ற சொல் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆனால் அவருக்கும் ஒரு பயம் இருந்தது, நியாயமான பயம். கான்ட்ராக்ட் ஆட்கள் ஆறு மாதம் என்பார்கள், மாத விலையை வாங்கிக்கொள்வார்கள், மூன்றாம் வாரம் வேலை போய் ராவோடு ராவாகக் கிளம்பிவிடுவார்கள். அதனால் ஒரு நிபந்தனை போட்டார். 30 ராத்திரி முடியும் முன் நான் கிளம்பினால் தங்கிய எல்லா ராத்திரிக்கும் 84 என்று திருப்பிக் கணக்குப் போடுவார், வரியும் ஏறிவிடும். முடிந்த பிறகு ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும். எனக்கு அது சம்மதம். நம் ஊரில் இதற்குத்தான் அட்வான்ஸ் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். 72 என்றார், 66 என்றேன், 69 இல் நின்றது. மொத்தம் 20 நிமிடம். சாண்ட்விச்சின் மறுபாதியை அவர் தொடவே இல்லை, பாவம்.

விலை முடிந்த பிறகு கேட்டவைதான் உண்மையில் எட்டு மாதமும் எனக்கு உதவின. மூன்றாம் மாடி வேண்டும், தலைக்கு மேல் யாரும் நடக்கக்கூடாது. லிஃப்ட், ஐஸ் மெஷின் இரண்டுக்கும் தள்ளி, 75 ஆம் நெடுஞ்சாலையைப் பார்க்காத பக்கம். அடுப்புக்கு மேலே இருக்கும் காற்றாடி புகையை வெளியே தள்ளுகிறதா, இல்லை சுற்றிவிட்டு நம் மூஞ்சியிலேயே ஊதுகிறதா என்று பார்க்க மூன்று அறைகளைத் திறந்து காட்டச் சொன்னேன். மூன்றும் மூஞ்சியில்தான் ஊதின. 318 இல் மட்டும் ஜன்னல் நான்கு விரல் அளவு திறந்தது. 318 ஐ எடுத்துக்கொண்டேன். அந்த நான்கு விரல் சந்தில்தான் எட்டு மாதத் தாளிப்புப் புகையும் வெளியேறியது. ஜன்னலைத் திறக்காமல் கடுகு போட்ட ஒரே நாளில் அலாரம் அலறியதை 317 காரர் இன்னும் மறந்திருக்க மாட்டார்.

வரிக்கான கடிதத்தை அவர் முன்னாலேயே எழுதினேன். நான்கு வரி. பெயர், அறை எண், இன்று முதல் தொடர்ந்து 30 நாட்களுக்குக் குறையாமல் தங்க உத்தேசித்திருக்கிறேன், தேதி, கையெழுத்து. அவர் ஒரு பிரதி எடுத்து அதில் தன் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தார். விலையை உறுதிசெய்யும் கடிதமும் வந்தது. அரைப் பக்கம். கடைசி வரியில் சின்ன எழுத்தில், அறை இருப்பைப் பொறுத்து, என்று இருந்தது. எல்லாக் கடிதத்திலும் இருக்கும் வரி என்று தாண்டிவிட்டேன்.

69 க்கு 13 சதவீதம் 8.97 டாலர். ஜனவரி 10 முதல் ஏப்ரல் 4 வரை 86 ராத்திரி. நான்கு வரியில் எழுதிய அந்தக் கடிதம் எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தது 771 டாலர் 42 சென்ட். அவ்வளவு வியர்த்து 84 ஐ 69 ஆக்கிய பேரத்தைவிட, வாயைத் திறக்காமல் கொடுத்த ஒரு தாள் பாதிக்கு மேல் சம்பாதித்தது என்பதை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மார்ச் கடைசியில் கதவுக்குக் கீழே ஒரு கவர். ஏப்ரல் 5 வெள்ளி காலை முதல் 9 செவ்வாய் மதியம் வரை 318 ஐத் தர இயலாது, சிரமத்துக்கு வருந்துகிறோம்.

ஏப்ரல் 8 முழுச் சூரிய கிரகணம். நிழல் மெக்சிகோவில் கரையேறி, டெக்சாஸைக் குறுக்காக வெட்டிக்கொண்டு வடகிழக்கே மெயின் மாநிலத்தையும் தாண்டிக் கனடாவுக்குப் போனது. டாலஸ் வட்டாரம் அதன் பாதையிலேயே இருந்தது. பல வருடங்களுக்கு முன்பே தேதி தெரிந்த திருவிழா. தளத்தில் போய்ப் பார்த்தேன், அந்த நான்கு ராத்திரிக்கு எங்கள் ஹோட்டலிலேயே 299 என்று போட்டிருந்தது. 69 க்கு ஒருவன் படுத்துக் கிடந்தால் எந்த முதலாளிக்குத்தான் பொறுக்கும்? காலண்டரில் ஆரஞ்சு வண்ணம் எதற்கென்று அப்போது புரிந்தது. சண்டை போடலாம் என்று கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். சேல்ஸ் மேனேஜர் ஒன்றும் பேசாமல் கடைசி வரியில் விரலை வைத்தார்.

இரண்டு பெட்டி, குக்கர், மசாலா டப்பா, ஃப்ரிட்ஜில் இருந்த இட்லி மாவு எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு ஃபிரிஸ்கோ நண்பர் வீட்டுக்குப் போனேன். திங்கள் காலை முழுக்க மேகம். ஒன்றேமுக்கால் வாக்கில், அந்த நேரத்துக்கென்றே விலகினாற்போல் மேகம் விலகி, தெருவிளக்கு எரிய, நண்பரின் பிள்ளைகள் கத்த, தலைக்கு மேல் ஒரு கறுப்பு ஓட்டை. அழகுதான். 318 இல் 299 கொடுத்தவரும் இதைத்தான் பார்த்திருப்பார், நான் இலவசமாகப் பார்த்தேன் என்று ஒரு அற்ப சந்தோஷம் வந்ததையும் மறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தேன். அதே அறை, அதே 69. அடுத்த செவ்வாய், ஏப்ரல் 16, வாராந்திர பில்லைப் பார்த்தால் ஏழு ராத்திரிக்கு வரி 62.79 டாலர் ஏறியிருந்தது. ஏதோ தவறு என்று ரிசப்ஷனுக்கு ஓடினேன். தவறே இல்லை. விதி தொடர்ந்து என்கிறது. நடுவில் விட்டுப்போனால் பழைய 86 ராத்திரியும் கணக்கில் இல்லை, 9 ஆம் தேதி வந்தவன் புது ஆள். புது ஆள் புதுக் கடிதம் கொடுக்கவில்லை.

அப்பாவிடம் புலம்பினேன். அங்கே அழகர் ஆற்றில் இறங்க இன்னும் ஒரு வாரம் இருந்தது, போனில் பின்னால் மேளச் சத்தம். முழுக்கக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"நானும் அதத்தானப்பா செஞ்சேன். சித்திரத் திருவிழான்னா மாசக்காரங்க அத்தன பேரையும் ஊருக்கு அனுப்பிருவேன். மெடிக்கல் ரெப்புக, எல்ஐசிக்காரரு, எல்லாரையும். பொட்டிய குடோன்ல போட்டுப் பூட்டிட்டு, அந்தப் பத்து நாளும் ரூம டபுள் ரேட்டுக்கு விடுவேன்."

"உங்களை யாரும் திட்டலையா?"

"திட்டாம? ஆனா ஒண்ணு. லெட்ஜர்ல அவங்க பேர அடிக்க மாட்டேன். கால் வாடகை போட்டு பேர ஓட விடுவேன். திரும்பி வந்தா பழைய ஆளு பழைய ரேட்டு. நீ சாவியக் குடுத்திருக்கலாம், பேர எடுக்க விட்டிருக்கக் கூடாது."

மறுநாள் வரை பொறுக்காமல் அன்றைக்கே புதுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், 16 ஆம் தேதி போட்டு. பிறகு சேல்ஸ் மேனேஜரிடம் உட்கார்ந்தேன். வரி மாநிலத்துக்கும் நகரத்துக்கும் போகிற பணம், அதில் கைவைக்க முடியாது என்றார். சரி, 62.79 போகட்டும். வெளியே அனுப்பியது நீங்கள், தண்டம் கட்டியது நான், அதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. அவருக்கே கொஞ்சம் உறுத்தல் இருந்தது போலும். விலையைக் குறைக்க முதலாளி ஒப்பமாட்டார் என்பதை இரண்டு பேருமே அறிவோம். அதனால் பேச்சு வேறு பக்கம் போனது. புதிய கடிதத்தில் அறை இருப்பைப் பொறுத்து என்ற வரியை அடித்துவிட்டு, 318 ஆகஸ்ட் 30 வரை இவருக்கே என்று தன் கையால் எழுதி இனிஷியல் போட்டார். ஜூனில் என் குடும்பம் பத்து நாள் வரும்போது இரண்டு பெரிய கட்டில் போட்ட அறைக்கு அதே 69 க்கு மாற்றித் தருவதாகவும் எழுதினார். அறை மாறினாலும் பில் மட்டும் மூடப்படாமல் தொடர்ந்து ஓடவேண்டும் என்று நானே ஒரு வாக்கியம் சேர்க்கச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. சுவர்க் காலண்டரில் ஜூனில் ஏதாவது வண்ணம் இருக்கிறதா என்று இந்த முறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஜூன் மாதம் மனைவியும் மகளும் வந்தார்கள். 304 க்கு மாறினோம். முதல் நாள் மாலை கடைக்குப் போய்த் திரும்பியதும், பழக்க தோஷத்தில் மனைவி செருப்பைக் கதவுக்கு வெளியே கழற்றி விட்டாள். அவளைப் பார்த்து மகளும் விட்டாள். நீளமான கம்பள நடை, இருபுறமும் மூடிய கதவுகள், ஒரே ஒரு கதவின் முன்னால் மட்டும் இரண்டு ஜோடி. என்னுடையதையும் கழற்றிப் பக்கத்தில் வைத்து, படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது, குரல் பதிவாக. "மூணு ஜோடி, எண்ணிட்டேன். எக்ஸ்ட்ரா பெட்டுக்குக் காசு கேட்டானா?"